ஒரு நாள் முந்தி நடக்கும் பாதை

முதலில் சத்தம்தான் வந்தது. பட், சரக், பட், சரக் என்று தேய்ந்த செருப்பொன்று மண்ணில் அடித்து இழுபடும் சத்தம், எனக்கு முன்னால் இருபது முழத் தூரத்தில், ஈச்சம் பற்றைக்கு அந்தப் பக்கமிருந்து. ஐஸ் பக்டரியில் இரவு வேலை முடித்து, முழங்கால்வரை ஏறின ரப்பர் சப்பாத்தோடு நான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்; அந்தப் பாதையில் இரண்டு பேர் தோளுக்குத் தோள் போக முடியாது என்பதால் வழிவிட ஒதுங்கி நின்றேன். சத்தம் வளைவால் திரும்பியது, கிட்ட வந்தது, என் சப்பாத்து நுனியை உரசுமளவுக்குக் கிட்ட வந்தது, பிறகு ஒரு குறையும் இல்லாமல் என்னைக் கடந்து துறைப் பக்கம் போயிற்று. ஆள் மட்டும் வரவில்லை.

அடுத்த நாள் அதே விடியலில், அதே ஈச்சம் பற்றையடியில், அதே பட் சரக்கோடு செபமாலை வந்தான். தோளில் வலை, வாயில் பீடி.

"என்ன, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்?"

"நேற்று இந்த நேரம் நீ இதால போனனியே?"

"நேற்று நான் பாயை விட்டே எழும்பேல்ல. காய்ச்சல்."

அவன் சொன்னது உண்மை. இரண்டு நாளில் ஊர் முழுவதற்கும் அது உண்மை என்று தெரிந்துவிட்டது. எங்கள் பாதை, நாளைக்கு அதில் நடக்கப் போகிறவர்களின் காலடியை இன்றைக்கே, அதே மணிக்கு, அதே இடத்தில் கேட்கவைக்கத் தொடங்கியிருந்தது.

எங்கள் ஊர் ஈச்சந்துறை. திருகோணமலைத் துறைமுகத்தின் உள்வாயில், கடல் நிலத்துக்குள் கையை விட்டு எதையோ துழாவிவிட்டு எடுக்க மறந்தது போல மூன்று குடாக்கள் இருக்கின்றன; வெளியில் எந்தக் காற்று அடித்தாலும் உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றின எண்ணெய் போலக் கிடக்கும், மலையளவு கப்பல்கள் அதில் மாடு படுத்ததுபோலப் படுத்திருக்கும். அந்த மூன்று குடாக்களின் ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, ஓரிடத்தில் கண்டல் மரங்களுக்குள் புகுந்து, ஓரிடத்தில் பாறை முதுகில் ஏறி, ஓரிடத்தில் அலை காலை நனைக்குமளவுக்குத் தாழ்ந்து, எங்கள் வீடுகளிலிருந்து மறுகரைக்குப் படகு போகும் துறைவரை ஒற்றையடிப் பாதை போகிறது. நடந்தால் ஐம்பது நிமிடம். முதற் குடாவின் முடிவில் ஐஸ் பக்டரி. பாதை தொடங்கும் இடத்தில் ஜவாத் நானாவின் தேத்தண்ணிக் கடை. வேறு வழி கிடையாது என்றில்லை, பின்பக்கத்தால் தார் ரோட்டு ஒன்றும் இருக்கிறது. ஆனால் அது மலையைச் சுற்றி எட்டு மைல், அதால் போகிறவன் ஒன்றில் காருக்காரன், இல்லாவிட்டால் பிரேதம்.

மூன்று நாள் ஊர் பயந்தது. கோயிலில் தேங்காய் உடைத்தார்கள், மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார்கள், பள்ளிவாசலில் ஓதின தண்ணீரைப் பாதை நீளத்துக்குத் தெளித்தார்கள். சத்தம் மூன்று பேருக்கும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டு, அவர்கள் போனதும் தன்பாட்டில் நடந்தது. நான்காம் நாள் ஜவாத் நானா, "பயந்து என்ன, நாளைக்கு எத்தனை பேர் வாறாங்க எண்டு தெரிஞ்சா பால் மிஞ்சாதுதானே" என்று சொல்லிவிட்டு, கடைவாசலில் குந்தி, கேட்ட ஒவ்வொரு காலுக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தகரப் பேணிக்குள் போட்டார். அடுத்த நாள் ஒரு கோப்பைப் பால்கூட மிஞ்சவில்லை. அதோடு பயம் போய்விட்டது. வாத்தியார் வராத நாளைப் பிள்ளைகள் முதல் நாளே அறிந்து புத்தகத்தை மூடினார்கள், கடன்காரர் வருகிற நாளை அறிந்து பெரியவர்கள் கதவை மூடினார்கள், மான்கள் இறங்கி வருகிற இரவை அறிந்து பெண்கள் கீரைப் பாத்திக்கு முள் அடைத்தார்கள். கொழும்பிலிருந்து பெட்டியும் வயருமாக இரண்டு பேர் இதை ஆராய வந்தபோது, அவர்கள் வருவது முதல் நாளே கேட்டிருந்தபடியால், உட்கார இரண்டு கதிரையும் குடிக்க இரண்டு இளநீரும் தயாராக இருந்தன. அவர்கள் இளநீரைக் குடித்துவிட்டு, இதெல்லாம் ஊர்ச்சனத்தின் பிரமை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஆளை எங்களுக்குச் செருப்புத்தான் சொல்லிற்று. ஒவ்வொருத்தர் செருப்புக்கும் ஒரு பேச்சு உண்டு, அதை ஊர் ஒரு கிழமைக்குள் பாடமாக்கிவிட்டது. என் செருப்பை எல்லாருக்கும் தெரியும்: இடது வார் அறுந்து, அதைச் செப்புக் கம்பியால் கட்டியிருந்தேன், அடி வைக்கும்போதெல்லாம் டிக் என்னும். 'தயாவின்ர கம்பிச் செருப்பு' என்பார்கள்.

பாதை பிழைத்ததே இல்லை. செபமாலை ஒருநாள் வீம்புக்கு, "ஏழு மணிக்கு நான் போறன் எண்டுதானே கேட்டீங்க, பாப்பம், நான் எழும்பமாட்டன்" என்று போர்த்துக்கொண்டு படுத்தான். ஏழு மணிக்கு அவனுடைய ஆடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடிற்று. கையில் அகப்பட்ட ஒற்றைச் செருப்போடு அதன் பின்னால் பாதை நீளம் ஓடினான். அப்போதுதான் முதல் நாள் கேட்டதும் ஒற்றைச் செருப்பு என்பது எங்களுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு ஒருவரும் கேட்டதை மறுத்து நிற்கவில்லை. கேட்காததைச் செய்யவும் இல்லை. தன் கால் கேளாத நாளில் பாதையில் ஏறினால் என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கேள்விப்பட்டு, தூரத்து ஊர்களிலிருந்து தாய்மார் வந்தார்கள். எந்தக் காலத்திலோ வீட்டை விட்டுக் கூட்டிச் செல்லப்பட்டு, அதற்குப் பிறகு ஒரு கடதாசியிலும் ஒரு பெயர்ப் பட்டியலிலும் இல்லாமல் போன பிள்ளைகளின் தாய்மார். ஒரு படத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாதையோரத்தில் வரிசையாக, விடியலிலிருந்து பொழுதுபடும்வரை, தலையைச் சரித்துக்கொண்டு இருந்தார்கள், நாளைக்கு வரக்கூடிய ஒரு நடைக்காக. நாங்கள் அவர்களுக்குச் சோறு கொடுத்தோம், அந்தப் பக்கம் போகும்போது சத்தமில்லாமல் நடந்தோம். ஒரு மாதம் இருந்துவிட்டு ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். ஜவாத் நானா அந்த ஒரு மாதமும் பேணிக்குள் கொட்டை போடவில்லை.

அவர்கள் போன பிறகுதான் ஊரில் கதவடைக்கும் வழக்கம் வந்தது. ஒரு செருப்பு துறைப் பக்கம் போய், கடைசிப் படகு வந்தபிறகும் திரும்பாவிட்டால், அந்த ஆள் ஊரைவிட்டுப் போகிறான் என்று அர்த்தம். அடுத்த நாள் அந்த மணிக்கு எல்லாரும் கதவைச் சாத்தி, கடையில் நிற்கிறவர்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். போகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவனை மறிப்பதுபோல, அல்லது அனுப்புவதுபோல. இரண்டும் எங்கள் வேலையல்ல என்று சொல்லாமலே உடன்பட்டோம். வவுனியாவுக்குப் போன வாத்தியாரை அப்படித்தான் போகவிட்டோம், கட்டாருக்குப் போன இரண்டு பொடியன்களையும் அப்படித்தான்.

நான் போவதாகச் சொல்லிச் சொல்லியே இருபது வருசம் போகாமல் இருந்தவன். கப்பல் ஊதினால் எனக்கு உள்ளங்கால் கூசும். இத்தாலிக்கு என்றேன், பிறகு துபாய் என்றேன், பிறகு ஒன்றுமில்லாவிட்டால் மன்னாருக்காவது என்றேன். பாஸ்போட் இரண்டு தரம் ஒரு முத்திரையும் குத்தப்படாமலே காலாவதியானது. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது, மிச்சத்தை ஐஸ் சுற்றி வருகிற பழைய பேப்பரில் படித்தேன், அதிலும் எனக்குப் பிடித்தது ஊர்ப் பெயர்கள்தான். என் மனைவி நேசமலர் தையல்காரி. எங்களுக்குப் பிள்ளையில்லை. இரவில் நான் வேலை, பகலில் அவள் வேலை, நான் படுக்கும்போது அவளுடைய கை மெசின் ஓடத் தொடங்கும்; அந்தச் சத்தத்தில்தான் எனக்கு நித்திரை வரும் என்பதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சப்பாத்தோடு போவதால் என் செருப்பு வாசலிலேயே கிடக்கும். ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுபோல, வீட்டு வளவுக்குள் இறங்குவதென்றால் அவளும் புருசனின் செருப்பைத்தான் கொழுவிக்கொள்வாள். அவளுடைய நல்ல செருப்பு கலியாண வீடுகளுக்கென்று கட்டிலுக்கடியில் பேப்பரில் சுற்றிக் கிடந்தது.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு எழும்பித் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். கடை பேச்சை நிறுத்தியது.

"என்ன நானா, பொம்பிளை பாக்க வந்த ஆக்கள் மாதிரி எல்லாரும் என்னைப் பாக்கிறீங்க?"

"இரு தம்பி. முதல்ல குடி." ஜவாத் நானா கேட்காமலே இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டார்.

செபமாலைதான் சொன்னான். "காலமை ஒம்பது பத்துக்கு உன்ர செருப்புப் போச்சுது, தயா. கம்பிச் சத்தத்தோட. துறைப் பக்கம்."

"சாமான் வாங்கப் போயிருப்பன்."

"பாரம் தூக்கின நடையடாப்பா. குதி புதைஞ்சு புதைஞ்சு போகுது. இடையில ரெண்டு தரம் நிண்டு மூச்சு வாங்கிப் போகுது. வெறுங்கையோட சாமான் வாங்கப் போறவன்ர நடையே அது?"

"திரும்பி வந்திருப்பன், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

"பன்னிரண்டு மணிக்கு ஆரோ ஒரு வெறுங்கால்காரன் மட்டும்தான் வந்தவன்," என்றார் நானா. "பரதேசியோ என்னவோ, காலை இழுத்து இழுத்து. நாளைக்கு அவனுக்கும் ஒரு கோப்பை வைக்கவேணும். உன்ர செருப்பு வரேல்ல. கடைசிப் படகுமட்டும் பாப்பம்."

மனிதன் இப்படியான இடத்தில் திடுக்கிட வேண்டும். எனக்குள் என்ன நடந்தது என்பதை எழுதக் கை கூசுகிறது: நெஞ்சில் ஒரு கதவு திறந்து காற்று வந்தது. இருபது வருசமாக எனக்குச் செய்ய முடியாமல் இருந்த தீர்மானத்தை என் கால் செய்துவிட்டது, இனி யாரும் என்னைக் கேட்க முடியாது, பாதைதான் சொல்லிற்று. எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியாது. அது ஒரு குறையாகவும் படவில்லை.

வீட்டுக்கு வந்தேன். நேசம் மெசினடியில் இருந்தாள், முதுகு எனக்கு; பக்கத்தில் என் பயணப் பை வாய் திறந்து கிடந்தது.

"கேட்டனீயோ?"

"காது இருக்குத்தானே."

"நான் ஒண்டும் முடிவெடுக்கேல்ல, நேசம்."

"நீங்க எப்ப முடிவெடுத்தனீங்க? என்னைக் கட்டினதுகூட உங்கட அம்மா எடுத்த முடிவு."

"எங்க போவன் எண்டும் தெரியாது."

"அது உங்கட காலுக்குத் தெரியும்." நூலைப் பல்லால் கடித்தாள். மெசின் ஒரு முழத் துணிக்கு ஓடிற்று, நின்றது. பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "கட்டுற சாரம் நாலு வைச்சாப் போதுமே?" என்றாள்.

அந்த இடத்தில் நான் சொல்லவேண்டிய ஒரு சொல் இருந்தது. அது வாய்வரைக்கும் வந்ததாகக்கூடச் சொல்லமாட்டேன். பையைப் பார்த்தேன், அதற்குள் இடம் இருந்தது.

"அஞ்சா வை," என்றேன்.

அவள் ஐந்து வைத்தாள்.

அன்று பொழுதுபட வேலைக்கு நடந்தேன். பாதை இப்படிக் கேட்கவைக்கத் தொடங்கின நாளிலிருந்து ஒரு பின்னேரமும் நான் தனியே நடந்ததில்லை. நாளைய நான் என்னோடு வருவான், சில நாள் நாலு அடி முன்னால், சில நாள் கொஞ்சம் பிந்தி, சளக் சளக் என்று அதே சப்பாத்தோடு. எனக்கு அவனோடு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவன் முந்தினால் நாளைக்குக் கொஞ்சம் உற்சாகம் என்று நினைப்பேன், பிந்தினால் இடுப்பு நாரி நோகப் போகிறது என்று நினைப்பேன். அன்று அவன் வரவில்லை. கண்டல் காட்டுக்குள் நின்று பார்த்தேன், பாறையடியில் நின்று பார்த்தேன். என் சப்பாத்து மட்டும்தான். தண்ணீரில் கப்பல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அப்போதுதான் நான் நம்பினேன், நாளைக்கு இந்த நேரம் நான் இங்கே இல்லை.

பக்டரியில் என் இடத்துக்கு மனேஜர் வேறு ஆளைச் சொல்லிவைத்திருந்தார். போகிறவனிடம் பேசுகிறதுபோல எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள்; ஒருவன் தன் சகோதரிக்குக் கடிதம் தந்தான், அவள் இருப்பது கனடாவில், நான் போவது எங்கே என்று அவன் கேட்கவும் இல்லை.

விடிய வீட்டுக்கு வந்தேன். நேசம் தேத்தண்ணி தந்தாள். பை வாசலுக்குக் கிட்ட இருந்தது, சிப் பூட்டியிருந்தது. அவளுடைய கண் சிவந்திருந்ததா என்று பின்னர் பலமுறை யோசித்திருக்கிறேன். அப்போது நான் பார்த்தது பையைத்தான்.

"கொஞ்சம் படுங்கோ," என்றாள். "ஒம்பதுக்கு எழுப்பிறன்."

படுத்தேன். இருபது வருசத்தில் அப்படி நான் படுத்ததில்லை, கல்லைத் தண்ணீரில் போட்டதுபோல.

என்னை எழுப்பியது சத்தமில்லை, சத்தம் இல்லாதது. மெசின் ஓடவில்லை. மணிக்கூட்டில் ஒன்பது நாற்பது. பை அதே இடத்தில், அதே சிப்போடு. மெசின் மேசையில் மெசின் இல்லை, அது இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை ஒரு சதுரமாக மின்னிற்று. வாசலில் என் செருப்பு இல்லை. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன்: அவளுடைய நல்ல செருப்பு பேப்பருக்குள் அப்படியே கிடந்தது.

பாதை பொய் சொல்லவில்லை. அது செருப்பைத்தான் சொன்னது. ஆளைச் சொன்னது நாங்கள்.

கடைக்கு ஓடினேன். ஜவாத் நானா அப்போதுதான் சுவர்ப் பக்கமிருந்து திரும்பி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு ஊதுகுழலைப் போட்டுவிட்டார்.

"அல்லாவே! நீ போயிட்டியே!"

"நான் இஞ்சதான் நிக்கிறன் நானா."

"அப்ப போனது ஆர்? நாங்க எல்லாரும் மரியாதையா அங்கால பாத்துக்கொண்டு நிண்டம். டிக் டிக் எண்டு போச்சுதே..."

"நேசம்."

செபமாலையோடு கடையிலிருந்த ஐந்தாறு பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நேசமலர் போவாள் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவள் போகிறவனின் பெண்சாதி, அவ்வளவுதான். முதல் நாள் பின்னேரம் அவளுக்காகப் பாவப்பட்டு மூன்று வீடுகளிலிருந்து கறி வந்திருந்தது.

"அவ ஏன் போகவேணும்?" என்றான் செபமாலை.

"நான் போறதைப் பாக்கேலாமல்."

"நீ போகேல்லையே!"

"அது அவளுக்குத் தெரியாதே. நேற்றுக் கேட்டதால நான் போறன் எண்டு நினைச்சாள். நான் போறன் எண்டு நினைச்சதால அவள் போட்டாள்."

நானா கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். நான் பாதைப் பக்கம் திரும்ப, செபமாலை என் கையைப் பிடித்தான். "ஏறாதே. உன்ர கால் நேற்றுக் கேக்கேல்ல."

"ஏறினா என்ன நடக்கும்?"

"தெரியாது. அதுதான் ஏறாதே எண்டு சொல்லுறன்."

நான் பாதையில் ஏறவில்லை. பாதைக்குக் கீழே, குடாவின் சேற்றுக்குள் இறங்கினேன். அதில் ஒருவரும் நடப்பதில்லை, ஆகையால் அதில் கேட்பதற்கும் ஒன்றுமில்லை. சப்பாத்தைப் போட்டால் சேறு பிடித்து வைத்துக்கொள்ளும் என்று வெறுங்காலோடு இறங்கினேன். ஆயிரம் தரம் மேலே நின்று பார்த்த கரையை அன்றுதான் கீழே நின்று பார்த்தேன். முதற் குடாவில் சேறு முழங்கால்வரை. ஒரு காலை எடுத்தால் மற்றக் காலை அது கேட்டது. கண்டலின் வேர்முளைகள் ஆணி ஆணியாக நின்றன, அவற்றுக்கிடையில் மட்டி ஓடுகள், எங்கே வெட்டியது என்று குனிந்து பார்க்க நேரமில்லை, தண்ணீர் கொஞ்சம் சிவந்து பிறகு தெளிந்தது. மூன்று மான்கள் தண்ணீரில் நின்று, மனிதன் வரக்கூடாத பக்கத்தால் மனிதன் வருவதைப் பார்த்துவிட்டு, ஓடாமல் நின்றன. இரண்டாம் குடாவில் பாறை, பாசி, நான்கு தரம் விழுந்தேன். என் தலைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், பாதை போய்க்கொண்டிருந்தது. அதில் நாளைக்காரர்கள் நடந்தார்கள், ரீச்சரின் குதிச்செருப்பு, மீன்காரனின் சைக்கிள் உருட்டல், யாரோ ஒரு குழந்தை ஓடி ஓடி நிற்பது. நாளைக்கு அவர்களுக்கு ஒன்றும் நடந்திருக்காது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நின்று காது கொடுத்தேன், டிக் என்று ஒன்று கேட்கிறதா என்று, பிறகு, நின்றால் பிந்தும் என்று நடந்தேன், பிறகும் நின்றேன். மூன்றாம் குடாவில் தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. கப்பல் ஒன்று ஊதிற்று. என் கால் கூசவில்லை, அதற்கு வேறு வேலை இருந்தது.

துறையில் ஏறும்போது படகு கயிறு கழற்றி இருபது முழம் போயிருந்தது.

அவள் பின்தட்டில் இருந்தாள். மடியில் படுக்கை விரிப்பால் சுற்றின மெசின். மறுகரையில் அவளுடைய தங்கச்சி பவளம் இருக்கிறாள், பள்ளி உடுப்புத் தைக்கிறவள், வா வா என்று எத்தனை வருசம் கூப்பிட்டவள். நான் கூப்பிட்டேன். எஞ்சின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கைகளைத் தூக்கி வீசினேன். துறையில் டிக்கெட் கிழிக்கிறவன், "அண்ணை, நீங்கள்தானே போறதெண்டு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

அவள் என்னைக் கண்டாள். முதலில் அவள் முகத்தில் இருந்தது கோபம்: வழியனுப்ப வந்த என்னைக் கண்டதாகத்தான் நினைத்திருக்கவேண்டும். பிறகு அவள் கண் கீழே இறங்கி என் காலில் நின்றது. சேறும் இரத்தமுமாய், செருப்பில்லாத கால். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு மெசினுக்கு மேலாலே எட்டிக் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது அவளுடைய கை வாயில் இருந்தது.

படகு திரும்பவில்லை. படகுகள் அப்படித் திரும்புவதில்லை. கையை வாயிலிருந்து எடுக்காமலே அவள் சின்னதாகிச் சின்னதாகி, கப்பலொன்றின் நிழலுக்குள் போய், மறுபக்கத்தால் வெளியே வந்தபோது எது அவள் என்று தெரியவில்லை.

திரும்பும்போது பாதையால் வந்தேன். இனி என்ன நடந்தாலென்ன என்றுதான் ஏறினேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் குடா கடந்த பிறகுதான், வெட்டுப்பட்ட காலை இழுத்து இழுத்து நடக்கிற என் சத்தத்தை நானே கேட்டு, நேற்றுப் பன்னிரண்டு மணிக்கு இவர்கள் கேட்ட பரதேசி யார் என்று விளங்கிற்று. கடைவாசலில் ஜவாத் நானா ஒரு கோப்பையை மூடிவைத்துக்கொண்டு நின்றார். என் காலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், மூடியை எடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன்.

வீட்டில் பையை அவிழ்த்து, ஐந்து சாரத்தையும் கொடியில் போட்டேன். போடுவதற்கு ஒரு தேவையும் இல்லை, அவை கழுவின சாரங்கள். குசினிக்குள் போனபோது சுளகைக் கண்டேன். முருங்கைக் கீரை ஒரு கட்டு. பாதி உருவி ஒரு பக்கம் குவித்திருந்தது, பாதி காம்போடு கிடந்தது. ஒரு காம்பில் பாதி இலை உருவியும் பாதி உருவாமலும். விடியக் கீரை ஆயத் தொடங்கினவள் ஊரைவிட்டுப் போகத் தீர்மானித்தவள் இல்லை. ஒன்பது மணிவரைக்கும்கூட அவள் இந்தப் பலகையில் குந்தியிருந்து மத்தியானச் சமையலுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு, வளவுக்குள் இறங்குகிற மாதிரி என் செருப்பைக் கொழுவிக்கொண்டு இறங்கியிருக்கிறாள்.

நான் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் தரையில் குந்தினேன். நித்திரை வரவில்லை. மூன்று மணியாயிற்று, நான்கு மணியாயிற்று. அந்த நேரத்தில்தான் மறுகரைப் படகு வரும், அதிலிருந்து இறங்குகிறவர்கள் நடந்து ஊருக்கு வர ஐந்தாகும்; நாளைக்கு அவர்கள் வருவது இன்றைக்கு ஐந்து மணிக்குக் கேட்கும். ஊர் அதை அறிந்திருந்தது. நாலரைக்கே ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்து, ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் பாதையடிக்குப் போவதை யன்னலால் கண்டேன். பெண்கள் போனார்கள், செபமாலை போனான், மனேஜர்கூடப் போனார். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் போயிருப்பேனா என்று தெரியாது. ஐந்து மணிக்கு ஊரில் ஒரு கோழி கூடச் சத்தம் போடவில்லை.

ஐந்தேகாலுக்கு ஜவாத் நானா ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் கண்டதில்லை. படலையைத் தள்ளிக்கொண்டு, சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட வாசலில் நின்றார்.

"தயா..."

"சொல்ல வேண்டாம் நானா."

அவர் விளங்காமல் பார்த்தார். "நாளைக்கு என்ன எண்டு உனக்குத் தெரியவேண்டாமே?"

"வேண்டாம்."

"நல்ல சங்கதியா இருந்தா?"

"நல்லதா இருந்தாலும் வேண்டாம். நாளைக்கு நான் துறைக்குப் போறன். முதற் படகில அங்கால போறன்."

"உன்ர கால் கேட்டுதோ இல்லையோ எண்டாவது..."

"அதையும் சொல்லாதீங்க."

அவர் முகத்தை நான் படிக்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு படலை மெல்லச் சாத்தப்படுவது கேட்டது, அவர் வெறுங்காலோடு போவது கேட்டது, அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லாரும் ஒரேயடியாக என்னவென்று கேட்டு ஒரேயடியாக அடங்கினது கேட்டது.

சுளகை மடிக்குக் கிட்ட இழுத்தேன். பாதி உருவின காம்பை எடுத்து, அவள் விட்ட இடத்திலிருந்து உருவத் தொடங்கினேன்.